பல்கலைக் கழகம் கற்ற பாடம்

பட்டம் பெற்றவனுடைய பெயரோடு சில எழுத்துக்கள் சேரும். அது நாம் அறிந்த உலக வழக்கம். பட்டம் பெற்றவன் தன் குடியையே இழந்துவிடுவான் என்று விதித்த சட்டம் ஒன்றும் உலகில் இருந்ததுண்டு. 1876 ஆம் ஆண்டில் கனடா நாட்டுப் பாராளுமன்றம் அதனை இயற்றிற்று. அந்நாட்டின் ஆதிக்குடிகளைச் சேர்ந்த ஒருவன் மருத்துவத்திலோ வேறு துறையிலோ பல்கலைக் கழகப் பட்டம் பெற்றால், அல்லது வழக்கறிஞனானால், அல்லது குருப்பட்டம் ஏற்றால், அக்கணமே அவன் சட்டத்தின் கண்ணில் ஆதிக்குடியினன் அல்லாதவன் ஆகிவிடுவான். நான்கே ஆண்டுகளில், 1880 இல், இவ்விதியைத் திருத்தினார்கள். தானே விரும்பி விண்ணப்பித்தவனுக்கு மட்டும் அது பொருந்தும் என்றார்கள். விதி தளர்ந்ததேயன்றி, அதன் அடியில் கிடந்த எண்ணம் தளரவில்லை. கற்றவனாகவும் தன் குலத்தவனாகவும் ஒருவன் ஒருங்கே இருத்தல் இயலாது என்பதே அவ்வெண்ணம்.

அச்சட்டத்தின் பெயர் 'இந்தியர் சட்டம்' என்பது. நம்மைக் குறித்ததன்று, கொலம்பஸ் வழி தவறிச் சென்று, கண்ட கரையை இந்தியா என்று கருதியதால், அங்கு வாழ்ந்தவர்களுக்கு நம் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேலாயும் அப்பெயர் அச்சட்டத்தின் தலைப்பில் நிற்கிறது. ஆனால் அம்மக்கள் தங்களை முதற்குடிகள் என்றும், தத்தம் குடிப்பெயராலும் அழைத்துக்கொள்வதையே விரும்புகின்றனர். நாமும் அவ்வாறே அழைப்போம்.

மாணவ நண்பர்களே, கல்வி ஒரு மக்களுக்குத் தீங்கிழைத்த பின்னர், அத்தீங்கைக் கல்வி நிலையமே துடைக்க முற்பட்டால் அது என்னென்ன செய்ய வேண்டியிருக்கும் என்பதைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். எடுத்துக்காட்டாகக் கொள்வது, கனடாவின் மேலைக் கடற்கரையில் வான்கூவர் நகரத்தில் உள்ள பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக் கழகம்.

முதலில் தீங்கு இன்னதென்று அறிதல் வேண்டும். 1880களிலிருந்து கனடிய அரசாங்கம், கிறித்தவத் திருச்சபைகளைத் துணைக்கொண்டு, முதற்குடிப் பிள்ளைகளுக்கென விடுதிப் பள்ளிகளை நிறுவியது. நாடெங்கும் 130க்கு மேற்பட்ட பள்ளிகள். அவற்றில் வாழ்ந்த பிள்ளைகள் ஏறத்தாழ 1,50,000 பேர். 1920 இல் சட்டத் திருத்தத்தால் கட்டாயமும் வந்தது. ஊரில் பள்ளி இல்லாத குறையால் அப்பள்ளிகளைத் தொலைவில் வைத்தார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். பிள்ளையைத் தாயிடமிருந்தும் தாய்மொழியிடமிருந்தும் பிரிப்பதே நோக்கம். முடியைக் கத்தரித்தார்கள், உடையை மாற்றினார்கள், பல பள்ளிகளில் பெயருக்குப் பதிலாக எண்ணிட்டு அழைத்தார்கள், தாய்மொழியில் பேசிய பிள்ளைக்குத் தண்டனை கொடுத்தார்கள். காசநோய் நெருக்கடியான கூடங்களில் பரவியது. பிரைஸ் என்னும் அரசாங்க மருத்துவர் 1907 இலேயே சாவுக் கணக்கைத் தந்து எச்சரித்தார். கேட்பாரில்லை. பதவியை விட்டு நீங்கியபின், 1922 இல், தம் கைப்பட ஒரு சிறு நூலாகவே அதனை வெளியிட்டார். அப்போதும் பள்ளிகள் நின்றபாடில்லை. அந்நாளில் அத்துறைக்குத் தலைமை அதிகாரியாக இருந்த டங்கன் காம்பெல் ஸ்காட் என்பார், கனடாவின் பேர்பெற்ற கவிஞருள் ஒருவர்! கவியுள்ளம் உடையார் எல்லாரும் கருணையுள்ளம் உடையார் என்று நம்புகிறவர்கள் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம். இத்தகைய பள்ளிகளில் கடைசியானவை மூடப்பட்டது 1990களின் பிற்பகுதியில்தான்.

ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு முதன்முதலாகக் கற்பித்த விதி ஒன்று உண்டு: 'தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க.' மாணவன் வீட்டிலிருந்து கொண்டுவரும் சொல்லையும் பொருளையும் பழக்கத்தையும் பிடித்துக்கொண்டே புதியதற்கு அவனை ஏற்றவேண்டும் என்பது அதன் பொருள். முப்பத்தைந்து ஆண்டு வகுப்பறையில் நான் கண்ட அளவில், அதைவிடப் பெரிய விதி கற்பித்தல் கலையில் இல்லை. விடுதிப் பள்ளி என்பது அவ்விதியைத் தலைகீழாக நிறுத்திய ஏற்பாடு. தெரிந்ததை முதலில் அழி. அழிந்த இடத்தில் புதியதை எழுது என்றது அது. சிலேட்டுப் பலகையை அழிக்கலாம். பிள்ளையின் நெஞ்சு சிலேட்டுப் பலகையன்று.

இனி, பல்கலைக் கழகத்திற்கு வருவோம். 1908 இல் சட்டம் இயற்றப்பெற்று, 1915 இல் வகுப்புக்கள் தொடங்கி, 1925 இல் கடலையொட்டிய பாயின்ட் கிரே என்னும் முனைக்கு அது குடிபெயர்ந்தது. அந்நிலம் மஸ்குவியம் என்னும் குடியினருடையது. அவர்கள் அதனை விற்றதில்லை. போரில் தோற்று இழந்ததில்லை. உடன்படிக்கை எழுதிக் கொடுத்ததுமில்லை. பல்கலைக் கழகத்திற்கு மிக அருகிலேயே அவர்கள் குடியிருப்பு இன்றும் இருக்கிறது. ஆயினும் நெடுங்காலம் அந்தக் குடியிருப்புக்கும் அந்தக் கல்விக்கூடத்திற்கும் இடையே இருந்த தூரம் மைல் கணக்கில் அளக்கத் தக்கதன்று.

ஓரிருவர் அத்தூரத்தைக் கடந்தனர். நிஸ்கா குடியைச் சேர்ந்த பிராங்க் கால்டர், பல்கலைக் கழகத்தோடு இணைந்திருந்த இறையியற் கல்லூரியில் 1946 இல் தேர்ந்து, 1949 இல் மாகாணச் சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப் பெற்றார். அவர் பெயரால் வழங்கும் வழக்கில்தான், 1973 இல், முதற்குடிகளின் நில உரிமை சட்டத்தில் உயிரோடிருப்பது என்னும் கருத்துக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் இடம் கிடைத்தது. ஆல்பிரட் ஸ்கோ 1961 இல் அங்கே சட்டப் பட்டம் பெற்றுப் பின்னர் நீதிபதியானார். 1927 முதல் 1951 வரை, நில உரிமை கோரி வழக்காட முதற்குடிகள் பணம் திரட்டுவதே குற்றமாக இருந்தது என்பதை நினைத்தால், முதற்குடியில் ஒரு வழக்கறிஞர் தோன்றியது எத்துணைப் பெரிய செய்தி என்பது விளங்கும். ஆனால் இவர்கள் மதிலேறிக் குதித்து உள்ளே வந்தவர்கள். வாயில் திறக்கவில்லை.

வாயில் திறந்தது 1974 இல். திறந்தது ஆசிரியப் பயிற்சித் துறையில். ஆசிரியன் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு பெருமிதம் உண்டென்பதை மறைக்கமாட்டேன். 'இந்தியக் கல்வி இந்தியர் கையில்' என்னும் கருத்துடைய கொள்கை அறிக்கை ஒன்றை 1972 இல் முதற்குடிகளின் தேசியச் சங்கம் அரசாங்கத்தின்முன் வைத்திருந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு எங்களவரே கற்பிக்க வேண்டும் என்பது அதன் கோரிக்கைகளுள் ஒன்று. ஆனால் அம்மாகாணத்தில் பயிற்சி பெற்ற முதற்குடி ஆசிரியர் மிகச் சிலரே இருந்தனர். ஆகவே அவர்களுக்கெனத் தனி ஆசிரியப் பயிற்சித் திட்டம் வகுத்தனர்.

அத்திட்டத்தின் அமைப்பைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மாணவர்களைப் பெருநகரத்திற்கு வரவழைத்துத் தொடங்கவில்லை. மாகாணத்தின் பல பகுதிகளில் பயிற்சி நிலையங்கள் அமைத்து, முதல் இரண்டாண்டுப் படிப்பை அங்கேயே நடத்தினர். மாணவர் தம் சுற்றத்தாரோடு இருந்தவாறே படித்து, ஒருவருக்கொருவர் துணையான குழுவாகிய பின்னரே பெருநகரத்துப் பல்கலைக் கழகத்திற்கு வந்தனர். முதற்பருவத்திலிருந்தே பள்ளி வகுப்பறையில் பயிற்சியும் உண்டு. பிள்ளைகளை ஊரிலிருந்து பிடுங்கிய கல்வி, இப்போது ஊரைத் தேடிச் சென்றது. புதிய கட்டடத்தாலன்று, இந்த ஓர் ஏற்பாட்டினாலேயே அப்பல்கலைக் கழகத்தின் மாற்றம் தொடங்கிற்று என்பது என் கருத்து.

1981 இல் இத்திட்டத்திற்கு வந்து சேர்ந்தவர் வெர்னா கர்க்னஸ் அம்மையார். மானிடோபா மாகாணத்தில் கிரீ குடியில் 1935 இல் பிறந்தவர். இளம் வயதிலேயே பள்ளி ஆசிரியையாகப் பணி தொடங்கியவர். நான் முன்பு கூறிய 1972 ஆம் ஆண்டு அறிக்கையை உருவாக்குவதில் பங்கு கொண்டவர். ஆசிரியர்களை உண்டாக்கினால் மட்டும் போதாது. பள்ளிகளை நடத்தவும் திட்டங்களை வகுக்கவும் தலைவர்கள் வேண்டும் என்று, 1984 இல் மேற்பட்டப் படிப்பு ஒன்றைத் தொடங்கினார். 1987 இல் 'முதற்குடிகள் கல்வி இல்லம்' என்னும் அமைப்பு தோன்றியபோது அதன் முதல் இயக்குநரானார். மருத்துவம், சட்டம், காட்டியல் என எத்துறையில் சேரும் முதற்குடி மாணவருக்கும் துணை நிற்பது அதன் பணி.

அம்மையாரும், அலாஸ்காப் பல்கலைக் கழகத்து ரே பார்ன்ஹார்ட்டும் 1991 இல் எழுதிய கட்டுரை ஒன்று கல்வியுலகில் பெரிதும் பேசப்படுவது. வாசிப்பு, எழுத்து, கணக்கு என்னும் மூன்றையும் ஆங்கிலத்தில் 'மூன்று ஆர்' என்பது பழைய ஆசிரியர் வழக்கு. இவர்கள் வேறு நான்கு 'ஆர்'களைக் கூறினர்: மதிப்பு, பொருத்தம், கொடுத்துக் கொள்ளல், பொறுப்பு. முதற்குடி மாணவர் பாதியிலே நின்றுவிடுவதைக் கண்ட பல்கலைக் கழகங்கள், இம்மாணவர்களிடம் என்ன குறை என்றே கேட்டுக்கொண்டிருந்தன. இவர்கள் கேள்வியைத் திருப்பினர். மாணவனுடைய மக்கள் சேர்த்துவைத்த அறிவைப் பல்கலைக் கழகம் மதிக்கிறதா? கற்பிப்பது அவன் வாழ்வுக்குப் பொருந்துகிறதா? ஆசிரியன் கொடுப்பவன், மாணவன் கொள்பவன் என்று மட்டும் இல்லாமல், இருவரும் கொடுத்துக் கொள்கின்றனரா? தன் கல்வியின் போக்கைத் தீர்மானிக்கும் பொறுப்பில் அவனுக்குப் பங்குண்டா? வகுப்பில் தோற்ற மாணவனைப் பற்றி அறிக்கை எழுதுவது எளிது. நம் வகுப்பைப் பற்றி எழுதுவது கடினம். அக்கட்டுரை அக்கடினமான வேலையைச் செய்யுமாறு பல்கலைக் கழகங்களைக் கேட்டது.

1993 இல் அவ்வில்லத்திற்குப் பல்கலைக் கழக வளாகத்திலேயே நெடுமனை ஒன்று எழுந்தது. அக்கடற்கரை மக்கள் பல குடும்பங்களாகக் கூடி வாழ்ந்த நெடிய மர வீடுகளின் அமைப்பில், தேவதாருப் பெருமரங்களாலும் செதுக்கிய தூண்களாலும் கட்டப்பட்டது. நடுக்கூடம், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம், சமையலறை எல்லாம் உண்டு. கைக்குழந்தையோடு படிக்க வரும் தாயை மனத்தில் வைத்து ஒரு பல்கலைக் கழகக் கட்டடம் எழுந்தது என்றால், அதனை வகுத்தவர்கள் தம் மாணவரை அறிந்தவர்கள் என்றே சொல்ல வேண்டும்.

அதனோடு சேர்ந்த நூலகமும் உண்டு. உள்நாட்டுக் குடிகள் குளிர்காலத்தில் வாழ்ந்த நிலவறை வீட்டின் வட்ட வடிவை ஒட்டியது. அதன் பெயர் ஹ்வேஹ்வா. ஸ்குவாமிஷ் மொழியில் 'எதிரொலி' என்பது பொருள். ஆங்கில எழுத்தால் அப்பெயரை எழுதும்போது நடுவே 7 என்னும் எண்ணை இடுகின்றனர்! குரல்வளையை ஒரு கணம் அடைத்துத் திறக்கும் ஓர் ஒலிக்கு அவ்வெண்ணை எழுத்தாகக் கொண்டுள்ளனர்.

இந்நூலகத்தின் சிறப்பு அதன் அடுக்குகளில் இருக்கிறது. நூல்களை எவ்வாறு வகைப்படுத்துகிறோமோ அவ்வாறே உலகத்தை எண்ணுகிறோம் என்பதைத் தமிழ் மாணவர்க்கு விரித்துக் கூறவேண்டியதில்லை. சென்னைப் பல்கலைக் கழக நூலகராக இருந்த இரங்கநாதன் 1933 இல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்ட நாடு இது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலக முறையில் முதற்குடிகளைப் பற்றிய நூல்களுட் பெரும்பாலானவை அமெரிக்க வரலாறு என்னும் வகுப்பில் போய் அடைகின்றன. உயிரோடு வாழும் மக்களின் இன்றைய வாழ்வும் வரலாற்று அலமாரியிலே! மோஹாக் குடியைச் சேர்ந்த பிரையன் டீர் என்னும் நூலகர் 1970களில் வேறொரு பகுப்பு முறையை வகுத்தார். குடிகளை அகர வரிசையில் நிறுத்தாமல், நிலத்தில் யார் யாருக்கு அண்டை அயலார், யார் யாருக்கு உறவினர் என்பதற்கேற்ப நூல்களை அடுக்குவது அது. அதனை அம்மாகாணத்திற்கு ஏற்பத் திருத்தி ஹ்வேஹ்வா நூலகம் கையாள்கிறது. அங்கே நூலைத் தேடும் மாணவன் தன் குடியின் நூலுக்குப் பக்கத்தில் தன் அண்டைக் குடியின் நூலைக் காண்பான்.

இவ்வளவும் நடந்துகொண்டிருக்கையில், நாடு தன் குற்றத்தை வாய்விட்டுச் சொல்லாமலே இருந்தது. விடுதிப் பள்ளிகளில் வாழ்ந்து மீண்டவர்கள் நீதிமன்றம் ஏறினர். வழக்குகளின் பெருந்தொகையே அரசாங்கத்தை உடன்பாட்டுக்கு இழுத்தது. 2008 ஜூன் 11 அன்று பிரதமர் ஸ்டீவன் ஹார்ப்பர் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். அவ்வாண்டே உண்மை, நல்லிணக்க ஆணைக்குழு அமைந்தது. பின்னர் முதற்குடியைச் சேர்ந்த நீதிபதி மரே சின்கிளேர் அதற்குத் தலைவரானார். ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் அதன்முன் வாய்மொழி கூறினர். 2015 இல் 94 செயற்பாடுகளை அது நாட்டின்முன் வைத்தது.

நல்லிணக்கம் என்னும் சொல்லைப் பற்றி இங்கே ஒன்று கூறவேண்டும். நம் நீதிமன்ற வழக்கில் 'ராஜி' என்றொரு சொல் உண்டு. இரு கட்சிக்காரரும் ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, வழக்கை முடித்துக்கொள்வது ராஜி. கனடாவில் பேசப்படுவது அஃதன்று. இங்கே விட்டுக்கொடுக்க ஒரு கட்சியிடம் எதுவும் மீதியில்லை. உண்மையைச் சொல்லுதல் முதலில்; இணக்கம் பின்னர்; அக்குழுவின் பெயரிலேயே அவ்வரிசை இருக்கிறது.

2013 செப்டம்பர் 18 அன்று அவ்வாணைக்குழு வான்கூவருக்கு வந்தபோது, பல்கலைக் கழகம் தன் வகுப்புக்களை நிறுத்திவைத்தது. விடுமுறையன்று, மாணவரும் பேராசிரியரும் சென்று சாட்சியங்களைக் கேட்பதற்காக. ஒரு நாள் பாடத்தை விடுவதற்கு எத்தனை தாள்களில் கையொப்பமிட வேண்டும் என்பதைத் தலைமையாசிரியராக இருந்தவர்கள் அறிவர்! அன்று பேராசிரியர்கள் கேட்கும் இடத்திலும், வயது முதிர்ந்த முன்னாள் விடுதிப் பிள்ளைகள் கற்பிக்கும் இடத்திலும் இருந்தனர்.

கனடியப் பல்கலைக் கழகங்களுள் முதலில் மன்னிப்புக் கோரியது மானிடோபாப் பல்கலைக் கழகம், 2011 இல். பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக் கழகத்தின் தலைவர் சான்டா ஓனோ 2018 ஏப்ரல் 9 அன்று அதனைச் செய்தார். நாங்கள் விடுதிப் பள்ளி நடத்தவில்லையே என்று அப்பல்கலைக் கழகம் ஒதுங்கியிருக்கலாம். அவர் அவ்வாறு ஒதுங்கவில்லை. அம்முறையை வகுத்து நடத்திய அதிகாரிகள் பலரைப் பயிற்றுவித்து அனுப்பியவை பல்கலைக் கழகங்கள் அல்லவா? அப்பள்ளிகளால் உயர்கல்வியின் வாயில் அடைபட்டதைக் கண்டும், அதைப் பற்றிய மௌனத்திற்கு உடன்பட்டவை அல்லவா? இவற்றை அவர் ஒப்புக்கொண்டார். அதே நாளில், விடுதிப் பள்ளிகளின் ஆவணங்களை அங்கு வாழ்ந்தவர்களும் அவர்கள் வழியினரும் பார்த்தறியும் நிலையம் ஒன்றும் வளாகத்தில் திறக்கப்பெற்றது. தன் உடன்பிறந்தான் எங்கே புதைக்கப்பட்டான் என்பதை அறியாமலே முதுமையடைந்தவர்களுக்கு ஆவணம் என்பது வெறும் தாள் அன்று.

அதற்கு ஓராண்டு முன்னர், 2017 ஏப்ரல் 1 அன்று, வளாகத்தில் நல்லிணக்கத் தூண் நிறுத்தப்பெற்றது. ஹைடா குடியைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹார்ட் என்னும் சிற்பி, எண்ணூறு ஆண்டு வாழ்ந்த செந்தேவதாரு மரத்தில் செதுக்கியது. 55 அடி உயரம். பொறியால் தூக்காமல், நூற்றுக்கணக்கானோர் கயிறு பிடித்து இழுத்து அதனை எழுப்பினர். தூணைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். அடியில், பள்ளிகள் வருமுன் இருந்த காலம். நடுவில் ஒரு பள்ளிக் கட்டடம். சிற்பியின் பாட்டனார் வைக்கப்பட்டிருந்த பள்ளி அது. அதன்மேல் பிள்ளைகள் நிற்கின்றனர். அவர்களுக்குப் பாதங்கள் செதுக்கப்படவில்லை. காலூன்ற நிலமின்றி இருந்தனர் என்பது குறிப்பு. அப்பகுதியில் ஆயிரக்கணக்கான செப்பு ஆணிகள் அடிக்கப்பட்டுள்ளன. ஒவ்வோர் ஆணியும் அப்பள்ளிகளில் மாண்ட ஒரு குழந்தை. அங்கு வாழ்ந்து மீண்டவர்களும், அவர்கள் குடும்பத்தாரும், பள்ளிச் சிறுவரும் தம் கையால் அவற்றை அடித்தனர். அதற்கும் மேலே மீண்டும் குடும்பங்கள். முதற்குடியின் ஓடமும் வந்தேறிகளின் படகும் இணையாகச் செல்லும் காட்சி. உச்சியில் பறக்கச் சிறகெடுக்கும் கழுகு.

தூண் நிறுத்துவதோடு கடன் தீர்ந்ததா என்று கேட்பார் அங்கும் உண்டு. கேட்பவருள் பலர் முதற்குடி மாணவரே. இந்நாளில் அங்கு எக்கூட்டம் தொடங்கினாலும், 'இது மஸ்குவியம் மக்கள் விட்டுக்கொடுக்காத நிலம்' என்று சொல்லித் தொடங்குவது வழக்கமாகிவிட்டது. சொல் நன்று. ஆனால் நாள்தோறும் ஒப்பிக்கும் சொல் எவ்வளவு விரைவில் பொருளற்ற ஓசையாகும் என்பதைப் பள்ளிக்கூடத்துக் காலை வழிபாட்டைக் கண்டவர்கள் அறிவர். 2020களில் வேறொரு தொல்லையும் எழுந்தது: முதற்குடியினர்க்கென அமைந்த மதிப்பும் பதவியும் உண்டானபின், அவ்வழியில் பிறந்ததாகக் கூறிக்கொண்டோர் சிலரின் கூற்று ஐயத்திற்குள்ளாகி, கனடாவின் பல்கலைக் கழகங்கள் பல தம் விதிகளை மறு ஆய்வு செய்ய நேர்ந்தது. வின்னிபெக், லேக்ஹெட் என்னும் இரு பல்கலைக் கழகங்கள் 2016 முதல், எப்பட்டம் படிப்போரும் முதற்குடிகளைப் பற்றிய பாடம் ஒன்றேனும் கற்க வேண்டும் என்று விதித்தன. கட்டாயப் பாடத்தால் மதிப்பு விளையுமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. விளையும் என்று நான் உறுதி கூறேன். ஆனால் அறியாமைக்கு அனுமதிச் சீட்டு வழங்குவதைவிட அது மேல்.

ஒரு நிலையத்தின் நோக்கத்தை அறிய நான் அதன் அறிக்கையைப் பார்ப்பதில்லை. கால அட்டவணையையும் வரவு செலவுக் கணக்கையும் பார்ப்பேன். அவ்வகையில் 1997 முதல் மஸ்குவியம் மக்களோடு சேர்ந்து அவர்களுடைய ஹென்கெமினெம் மொழியைப் பாடமாக நடத்தி வருவதைப் பெரிதாக மதிக்கிறேன். ஆணைக்குழுவின் 94 செயற்பாடுகளுள் 16 ஆவது, பல்கலைக் கழகங்களும் கல்லூரிகளும் முதற்குடி மொழிகளில் பட்டப் படிப்புக்களை ஏற்படுத்த வேண்டும் என்பது. உள்நாட்டில் கெலோனா நகரில் இப்பல்கலைக் கழகத்திற்கு ஒகனாகன் என்னும் இரண்டாம் வளாகம் உண்டு. அது சீல்க்ஸ் மக்களின் நிலம். அம்மக்களின் மொழியில் சரளமாகப் பேசவும் கற்பிக்கவும் வல்லவர்களை ஆக்கும் இளங்கலைப் பட்டம் அங்கே தொடங்கப்பெற்றது. படிப்பின் முற்பகுதி அம்மக்களின் சொந்தக் கல்வி நிலையத்தில், அம்மொழியில் வல்ல முதியோரிடம்; பிற்பகுதி பல்கலைக் கழகத்தில். அதன் முதல் அணி மாணவர் 2023 ஜூன் மாதத்தில் பட்டம் பெற்றனர். அவர்களுடைய பாட்டன் பாட்டியர் எம்மொழியைப் பேசியதற்காக அடி வாங்கினார்களோ, அம்மொழியில் தேர்ந்தமைக்காகவே அப்பட்டம் அவர்களுக்கு அளிக்கப்பட்டது.